நோயாளி மாதிரி

ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் என் வலது முட்டியில் பதினான்கு தடவை ஜவ்வு கிழிந்தது. மதியம் அரை மணி நேரம் இடைவேளை விட்டார்கள். அந்த அரை மணி நேரம் முட்டி குத்துக்கல்லாட்டம் இருந்தது. எழுந்து நடந்துபோய் கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். திரும்பி வந்து கட்டிலில் படுத்ததும் மறுபடி கிழித்தார்கள்.

நான் வேலை பார்ப்பது திருச்சியில் ஒரு விளையாட்டு மருத்துவக் கல்லூரியில். விளையாட்டு வீரர்களின் மூட்டுக் காயங்களைக் கையால் தொட்டும் அசைத்தும் கண்டுபிடிக்க அங்கே டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குக் காயம்பட்ட வீரர்கள் வேண்டுமல்லவா, அவர்கள் கிடைப்பதில்லை. இப்போதெல்லாம் ஒரு வீரனின் கணுக்கால் வீங்கினால் அது அணியின் பங்குச் சந்தை ரகசியம். ஒரு மாணவன் அதைத் தொட்டுப் பார்க்க நான்கு வக்கீல்கள் கையெழுத்துப் போட வேண்டும். எனவே கல்லூரி, பட்டையை வாங்கியது.

பட்டை என்பது இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் சுற்றும் ஒரு கறுப்புத் துணிதான். உள்ளே இருக்கும் சமாச்சாரம் நரம்புகளோடு பேசும். எந்த மூட்டு, எந்த ஜவ்வு, எவ்வளவு வலி என்று டேப்லெட்டில் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தில் அந்த வலி வரும். உரிய தசைகள் தளர்ந்து, மூட்டு நிஜமாகவே நழுவும். அணைத்தால் போய்விடும். வீக்கமில்லை, தழும்பில்லை, வழக்கில்லை.

பட்டை கட்டிக்கொள்ள ஓர் உடம்பு வேண்டுமே, அதுதான் நான். கல்லூரித் தாள்களில் என் பெயர் 'பயிற்சி மாதிரி எண் 7'. நோயாளி இல்லை, நோயாளி மாதிரி. அம்மா அப்பா வைத்த பெயர் அமலோற்பவம். தூத்துக்குடி. மாநில வாலிபால் அணியில் ஏழு வருடம் வலைக்குப் பக்கத்தில் எம்பி எம்பி அடித்தேன். முப்பத்தொரு வயதில் அணியிலிருந்து எடுத்துவிட்டு ஒரு சால்வை போர்த்தினார்கள். சால்வையை வேகவைத்துச் சாப்பிட முடியாது என்பதால் இந்த வேலைக்கு மனுப் போட்டேன். முதல் தகுதி, முழு ஆரோக்கியமான மூட்டுகள். பதினைந்து வருடம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய உடம்பை, உடைந்ததாகக் காட்டுவதற்காகச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து வருடம் நன்றாகத்தான் போனது. மாணவர்கள் எங்களைப் பற்றிக் கருத்துப் படிவம் நிரப்புவார்கள். 'முனகல் போதவில்லை' என்று ஒருவர் எழுதினார். 'தோள் இறங்கியிருக்கும்போது மாதிரி கொட்டாவி விட்டது' என்று இன்னொருவர்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. வலது முட்டியில் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டையை இயக்கும் டெக்னீஷியன் அதை அணைக்காமலே டீ குடிக்கப் போய்விட்டார். எங்கள் மேலாளர் கோதண்டம் வாசலில் நின்று, "ஏழு, அடுத்த பேட்ச் வந்தாச்சு. அந்தக் கட்டிலுக்கு வாம்மா, சீக்கிரம்" என்றார். நானும் இறங்கினேன். வலது கால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மொத்த உடம்பும் இடது காலில் விழுந்தது. பாதம் தரையில் ஊன்றியபடி நிற்க, மேலே நான் மட்டும் திரும்பினேன். முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

விளையாடியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிரணிப் பெண்ணின் முட்டியில் கேட்டாலும் குனிந்து நம் முட்டியைப் பிடித்துக்கொள்வோம்.

கோதண்டம் பக்கத்தில் வந்தார். குனிந்து டேப்லெட்டைப் பார்த்தார்.

"இடது முட்டியில எந்த புரோகிராமும் ஓடலையே."

"கீழ விழுந்துட்டேன் சார். நிஜமாவே வலிக்குது."

"நிஜமா வலிக்குதுன்னுதான் எல்லா மாதிரியும் சொல்லுது. அதுக்குத்தானம்மா சம்பளம்."

கோதண்டத்தைத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் எல்லோருடைய பிறந்தநாளுக்கும் கேக் வாங்குகிற மனிதர் அவர். டேப்லெட்டில் இல்லாத வலியை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். 'எச்ச வலி' என்று ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். பட்டை அணைந்த பிறகும் எழுபத்திரண்டு மணி நேரம் வலி இருப்பதுபோல் ஒரு நினைப்பு இருக்கலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. எழுபத்திரண்டு மணி நேரம் கழித்தும் இருந்தால், இன்னொரு படிவம்.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். இளம் டாக்டர் ஒருவர் என் சுகாதார எண்ணைத் தட்டினார். திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டி வந்தது. அவர் அதை வாய்விட்டே படித்தார்: "தொழில், பயிற்சி மாதிரி. இவர் கூறும் வலி தொழில்முறை நடிப்பாக இருக்கலாம். ஸ்கேனுக்குப் பரிந்துரைக்க வேண்டாம்."

"இது எப்ப போட்டாங்க டாக்டர்?"

"முன்னாடி உங்க ஆளுங்க ரெண்டு பேர் பொய் வலி காட்டிக் காப்பீட்டுப் பணம் வாங்கிட்டாங்க. அதுலேருந்து எல்லாருக்கும் வருது." அவர் என் நடையை ரசித்துப் பார்த்தார். "ஆனா ஒண்ணு, நொண்டறது ரொம்ப இயல்பா இருக்குங்க."

"தொட்டுப் பாருங்களேன்."

"தொட்டா உங்களுக்குச் சாதகமாத்தானே இருக்கும். அதுக்குத்தானே ட்ரெயினிங்."

தில்லைநகரில் தனியார் எலும்பு டாக்டர் ஒருவரிடமும் போனேன். அங்கேயும் அதே மஞ்சள் பட்டிதான். ஏசி அறையில் காட்டினார்கள்.

கல்லூரியில் வேறொரு சிக்கல் முளைத்தது. மூட்டைச் சோதிக்கும்போது எப்போதும் மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது முதல் பாடம். சிலருக்கு இயல்பிலேயே மூட்டு தளர்வாக இருக்கும்; ஒரு பக்கம் மட்டும் நழுவினால்தான் காயம். மாணவர்கள் புரோகிராம் ஓடிய என் வலது முட்டியை இழுத்தார்கள், நழுவியது. 'நல்ல' முட்டியான இடதை இழுத்தார்கள், அதுவும் நழுவியது. "இரண்டும் ஒரே மாதிரி, இவருக்கு இயல்பே இதுதான், காயமில்லை" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு பேட்சில் பதினொரு பேர் ஃபெயில்.

துறைத் தலைவர் டாக்டர் ராமபத்ரன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பட்டையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் அவர். அதைப் பற்றி நான்கு நாடுகளில் பேசியிருக்கிறார்.

"உன் இடது கால் சரியா நடிக்கல."

"இடது கால் நடிக்கலைங்க சார். அதான் பிரச்சினையே."

"இதோ பாரும்மா. அடுத்த மாசம் பல்கலைக்கழகத் தேர்வு. இடது முட்டி கெட்டியா இருக்கணும். முடியலைன்னா சொல்லு, வேற மாதிரி எடுத்துக்கறோம்."

வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். முடியும் என்றேன்.

பழகிக்கொண்டேன். தொடையின் பின்பக்கத் தசையை இறுக்கிப் பிடித்தால் முட்டி முன்னால் நகராது. மாணவரின் கை இடது காலுக்கு வரும்போது பல்லைக் கடித்து இறுக்குவேன். வலது காலுக்குப் போனதும் தளர்த்தி, புரோகிராமின்படி முனகுவேன். இல்லாத காயம் வெளியே தெரிய வேண்டுமென்று இருக்கிற காயத்தை ஒளித்தேன். தேர்ச்சி விகிதம் உயர்ந்தது. கோதண்டம் கேக் வாங்கினார்.

செப்டம்பர் கடைசி வாரம் தேர்வு வந்தது. ஆளுக்கு ஏழு நிமிடம். விடைக்குறிப்பில் 'வலது முட்டி, முன்புற ஜவ்வு முழுக் கிழிவு'. ராமபத்ரனும், வெளியூரிலிருந்து வந்த ஒரு தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவதாக வந்தவள் மாதேஸ்வரி.

பென்னாகரத்துப் பெண். வயது இருபத்தெட்டு இருக்கும். இரண்டு தடவை இதே தேர்வில் தோற்றவள். அறிவில் குறையொன்றும் இல்லை. நேரம் போதாமல் தோற்றாள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் காலை இழுப்பார்கள். இவள் காலைப் பார்ப்பாள்.

"அக்கா, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

தேர்வுக்கான சோதனைப் பட்டியலில் அது இல்லை. நடந்தேன். படுக்கச் சொன்னாள். பையிலிருந்து தையற்காரர் டேப் ஒன்றை எடுத்து இரண்டு தொடைகளையும் முட்டிக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் அளந்தாள். வெளியூர்த் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வலது முட்டியை இழுத்தாள். நழுவியது, முனகினேன். இடது முட்டிக்கு வந்தாள். இறுக்கினேன். அவள் இழுக்கவில்லை. தொடைக்கு அடியில் கையைக் கொடுத்துச் சும்மா வைத்துக்கொண்டாள்.

"வாலிபால் ஆடுனீங்களாமே அக்கா. எந்தக் கையில சர்வீஸ்?"

"இடது கை."

"இடது கைக்காரங்க சர்வீஸை எடுக்கறதே கஷ்டம். பந்து வெளிய போற மாதிரி வந்து உள்ள விழும்."

"அதேதான். ஒரு தடவை ராஜமுந்திரில தொடர்ந்து ஆறு பாயிண்ட்…"

ஆறு வருடமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் தொடை தளர்ந்திருந்தது. அந்த ஒரு நொடியில் அவள் இழுத்தாள். முட்டி முன்னால் வந்தது. தடுத்து நிறுத்த உள்ளே ஒன்றுமில்லை. அவள் முகம் மாறியது. பிறகு முட்டியின் உள்பக்கத்தை உள்ளங்கையால் மேல்நோக்கி ஒருமுறை வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தைத் தடவினாள். வழித்த இடத்தில் மெல்ல ஒரு புடைப்பு எழுந்தது. உள்ளே நீர்.

எழுந்து நின்று தேர்வாளர்களிடம் சொன்னாள்.

"வலது முட்டியில முன்புற ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அது பட்டை பண்றது. இடது முட்டியிலயும் கிழிஞ்சிருக்கு. அது நிஜம் சார்."

"பட்டைங்கிற வார்த்தையே இங்க வரக்கூடாது" என்றார் ராமபத்ரன். "இவங்க நோயாளி. அப்படித்தான் நீ நினைக்கணும்."

"அப்படி நினைச்சதாலதான் சார் கண்டுபிடிச்சேன். இடது தொடை ரெண்டு சென்டிமீட்டர் இளைச்சிருக்கு. முட்டியில நீர் இருக்கு. பட்டையால வலி குடுக்க முடியும், தசையைத் தளர்த்த முடியும். நீர் கோக்க வைக்க முடியாது."

வெளியூர்த் தேர்வாளர் விடைக்குறிப்பைப் பார்த்தார். இடது முட்டி என்று அதில் எங்கும் இல்லை. ஒரு சம்பிரதாயத்துக்கு என் பக்கம் திரும்பி, "நோயாளி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார்.

மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

எனக்கு எழுதிக் கொடுத்திருந்த வசனம் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னேன். "போன வாரம் விளையாடும்போது வலது முட்டி திரும்பிடுச்சு டாக்டர்."

இயல்பாகச் சொன்னேன். அதற்கு முழு மதிப்பெண் எனக்குக் கிடைத்திருக்கும். அவளுக்கு, இல்லாத காயத்தைக் கண்டுபிடித்ததற்காகக் கழித்து, ஃபெயில்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவள் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்கும் கால் வலித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சொன்னா வேலை போயிரும்மா" என்றேன்.

"தெரியும் அக்கா."

"கோவம் இல்லையா?"

"இல்லாம? மூணாவது தடவை. எங்கப்பாவுக்கு இன்னும் போன் பண்ணல." டம்ளரைக் கீழே வைத்தாள். "காலை நீட்டுங்க."

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வேடிக்கை பார்க்க, அவள் என் முட்டியை மடக்கி, திருப்பி, மறுபடி மடக்கினாள்.

"ஜவ்வு போயிருச்சு. இப்படியே நடந்தா ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்கிற மெத்தையும் கிழிஞ்சிரும். ஆபரேஷன் பண்ணணும் அக்கா, தள்ளிப் போடாதீங்க."

"யாரு பண்ணுவா? என் பேரைத் தட்டினாலே மஞ்சளாயிடுது."

ஒரு பஸ் வந்து போனது.

"பட்டை ரிப்பேர்னா கம்பெனிக்காரங்க எத்தனை நாள்ல வருவாங்க?"

"நாளா? ஒரு மணி நேரத்துல வந்துருவாங்க."

"அப்ப உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லாதீங்க அக்கா. பட்டைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க."

ஐந்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, இடது முட்டிக்கு ஒரு புரோகிராம் இருந்தது. ஓட்டினார்கள். வகுப்பு முடிந்து அணைத்தார்கள். நான் முனகலை நிறுத்தவில்லை.

"ஏழு, முடிஞ்சுது. அணைச்சாச்சு" என்றார் கோதண்டம்.

"அணையல சார். ஓடிக்கிட்டே இருக்கு."

கோதண்டம் ஓடியதை நான் பார்த்தது அன்றுதான். நாற்பது நிமிடத்தில் மூன்று இன்ஜினியர்களும் ஒரு வக்கீலும் வந்தார்கள். ஏழாவது வாரமாகக் கிழிந்து கிடக்கும் முட்டிக்கு ஒரு நாதி இல்லை; அணையாத பட்டைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்கேன் அறையில் என் பெயரையோ எண்ணையோ யாரும் கேட்கவில்லை. பட்டையின் வரிசை எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதற்கு மஞ்சள் பட்டி எதுவும் வரவில்லை.

முன்புற ஜவ்வு முழுக் கிழிவு, மெத்தையில் பாதிக் கிழிவு. இன்ஜினியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் புரோகிராம் அவ்வளவு தத்ரூபமாக இருந்து, நிஜமாகவே கிழித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். பயந்தார்கள்தான், ஆனால் முகத்தில் லேசாக ஒரு பெருமையும் இருந்தது. மூன்றாம் நாள் சென்னையில் அறுவை சிகிச்சை. குணமாகும்வரை கம்பெனி சம்பளம். நான் யாரிடமும் பேசக்கூடாது.

மாதேஸ்வரி பல்கலைக்கழகத்துக்கு மேல்முறையீடு செய்தாள். ஸ்கேனே சொல்கிறது, நான் சொன்னது சரிதானே என்று எழுதினாள். பதில் வந்தது. கம்பெனி அறிக்கைப்படி இடது முட்டி கிழிந்தது செவ்வாய்க்கிழமை. தேர்வு நடந்தது அதற்கு முந்தைய வியாழன். ஆக, தேர்வு நாளில் முட்டி நன்றாக இருந்தது. மாணவி பின்னால் நடக்கப்போவதைச் சொல்லியிருக்கிறார். 'இது மருத்துவத் தேர்வு. ஜோதிடத்துக்கு மதிப்பெண் வழங்க இயலாது.'

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் போன் செய்து முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று மட்டும் கேட்பாள். கோதண்டம்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூன்று நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் கம்பெனி கையைக் கழுவும், கல்லூரி வேலையை விட்டுத் தூக்கும். சொல்லாவிட்டால், கிழிந்த என் காலை முதலில் நம்பியவள், ஆருடம் சொன்னவளாகவே இருப்பாள். நான்காம் நாள் ஊன்றுகோலோடு பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் முன் போய் நின்றேன். குழுவில் மூன்று பேர். ஆகஸ்ட் வியாழனிலிருந்து தொடங்கினேன். சத்தம், எச்ச வலிப் படிவம், மஞ்சள் பட்டி, தொடையை இறுக்கியது, தேர்வில் உண்மையைச் சொல்லாதது, பட்டை அணையவில்லை என்று சொன்ன பொய், எல்லாம். தேர்வறையில் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. தலைவியாக இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

தீர்ப்பு தபாலில் வந்தது. 'மாதிரி எண் 7-இன் சாட்சியம் மிகவும் உயிரோட்டமாக இருந்தது என்பதைக் குழு பாராட்டுகிறது. எனினும் சாட்சி தொழில்முறையில் வேதனையை வெளிப்படுத்தப் பயிற்சி பெற்றவர் என்பதால் ஏற்பதற்கில்லை.' இந்த வருடத்தின் சிறந்த மாதிரி விருதுக்கும் என்னைப் பரிந்துரைத்திருந்தார்கள். குழுவே நம்பாததைக் கம்பெனி எப்படி நம்பும்? சம்பளம் நிற்கவில்லை. வேலையும் போகவில்லை. பொய் சொன்னபோது கிடைத்தது எதையும் உண்மையால் கெடுக்க முடியவில்லை.

கடிதத்தைப் போனில் மாதேஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ முறிந்தது, மூக்கை உறிஞ்சினாள்.

"பரவால்லக்கா. மார்ச்ல மறுபடி எழுதறேன்."

மார்ச்சில் எனக்கு வேலைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. தோள் புரோகிராம் மட்டும், படுத்தபடியே. தேர்வுக்கு அதே ராமபத்ரன், அதே வெளியூர்த் தேர்வாளர். மாதேஸ்வரி உள்ளே வந்தாள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வலது தோளைப் பார்த்தாள், தொட்டாள், தூக்கினாள், திருப்பினாள், இடது தோளோடு ஒப்பிட்டாள். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. நான்கு நிமிடத்தில் முடித்து, விடைக்குறிப்பில் இருந்ததை வரி பிசகாமல் சொன்னாள்.

ராமபத்ரனுக்கு நிறைவாக இருந்தது. "இப்பதாம்மா நீ ஒழுங்கா கத்துக்கிட்டிருக்க" என்று மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்தும் இட்டார். "நீ போகலாம்."

அவள் போகவில்லை. என் காலை மூடியிருந்த போர்வையை இடது பக்கம் விலக்கினாள். தழும்பின் மேல் கையை வைத்தாள். முட்டியை மெல்ல மடக்கினாள்.

"தேர்வு முடிஞ்சுது, டாக்டர்" என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

"தெரியும் சார். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "படி இறங்கும்போது வலிக்குதா அக்கா?"

எனக்குக் கொடுத்த வசனம் தோளைப் பற்றியது.

"வலிக்குது" என்றேன்.

"எந்த இடத்துல?"

விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். இரண்டு தேர்வாளர்களும் விடைக்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.